பழம்விட்டீர்கள்

'லைக்கினார்' என்ற ஒரு சொல்லுக்காக எங்கள் அலுவலகத்தில் காலையில் ஆரம்பித்த சண்டை மதியச் சாப்பாடு வரைக்கும் ஓடியது. தெருவில் போகிறவர்கள் கேட்டிருந்தால் சொத்து பிரிக்கிறார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

வேலை இதுதான். எல்லார் கைப்பேசியிலும் கிடக்கிற ஒரு செயலி. பேச, படம் போட, சொந்தபந்தத்தோடு சண்டை பிடிக்க. அதற்குப் புதிதாகத் தமிழில் வாய் முளைக்கப்போகிறது. வண்டி ஓட்டுகிறவர்கள், பாத்திரம் தேய்க்கிறவர்கள், குழந்தையைக் குளிப்பாட்டுகிறவர்கள், இவர்களெல்லாம் ஈரக்கையோடு கைப்பேசியைத் தடவ வேண்டாம். யார் என்ன செய்தார்கள் என்று அதுவே ஒரு பெண் குரலில் வாய்விட்டுச் சொல்லிவிடும். அந்தக் குரல் என்ன சொல்ல வேண்டும் என்று எழுதித்தருவது என் பாடு.

அதற்கு முன்னால் நான் பாடப்புத்தகம் திருத்திக்கொண்டிருந்தேன். ஒற்று மிகுமா மிகாதா என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தவனைக் கூட்டிவந்து 'மீம்' என்பதற்கு இறந்தகாலம் எழுதச் சொன்னார்கள். சம்பளம் அங்கே இருந்ததைவிடக் கூட. எழுதினேன். இங்கே எல்லாரும் என்னை 'வாத்தியார்' என்றுதான் கூப்பிடுவார்கள், நான் யாருக்கும் பாடம் எடுத்ததில்லை என்றாலும்.

பதிலுக்கு மேலாளருக்குச் 'சுருக்கு' என்று பெயர் வைத்தவன் நான். எதைக் கொண்டுபோய் நீட்டினாலும் "சுருக்குங்க" என்பார். முதல் நாள் 'விருப்பம் தெரிவித்தார்' என்று எழுதிக்கொண்டு போனேன்.

"இதச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள வண்டி சிக்னலத் தாண்டிடும். சுருக்குங்க."

"லைக் போட்டார்னு வெச்சுக்கலாமா சார்? ஊரே அப்படித்தான் சொல்லுது."

"போட்டார் வேணாம் வாத்தியாரே. லைக் போட்டார், கமெண்ட் போட்டார், போஸ்ட் போட்டார், எல்லாமே போட்டார் போட்டார்னா ஓட்டுறவனுக்கு எது என்னன்னு எப்படித் தெரியும்? ஹாரன் சத்தத்துல கடைசிச் சொல்லுதான் காதுல விழும். ஒவ்வொண்ணுக்கும் தனி வினை வேணும். ஒரே சொல்லா."

கோபத்தில் சொன்னேன். "அப்ப லைக்கினார்னே வெச்சுக்கங்க."

நான் கிண்டலடிக்கிறேன் என்பது அவருக்குப் புரியவில்லை. "லைக்கினார், லைக்குகிறார், லைக்குவார்," என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். "லைக்காதீர்கள். ஆங், இதான். இதத்தான் கேட்டேன்."

அதன் பிறகுதான் மதியம் வரைக்கும் சண்டை. தோற்றது நான்.

ஒரு தடவை மானம் போய்விட்டால் அப்புறம் கூச்சம் இருப்பதில்லை. மற்ற சொற்கள் மளமளவென்று வந்தன. 'மெசேஜினார்' என்று எழுதினேன். ஒலிப்பதிவாளர் அதை 'மசாஜினார்' என்று கேட்டுவிட்டு யார் யாருக்கு என்று விசாரித்தார், அதனால் அது 'சேதிவிட்டார்' ஆனது. திரையைத் தள்ளிக்கொண்டே போவதற்கு 'உருட்டினார்' என்றேன். "ரொம்ப நேரமா உருட்டுறீங்கன்னு மெஷின் சொன்னா, பசங்க பாஷையில அது பொய் சொல்றது, எவன பாத்துச் சொல்றேன்னு நம்மமேல கேஸ் போடுவாங்க," என்று சுருக்கு அதை அடித்துவிட்டார். பேசிக்கொண்டே இருந்துவிட்டுத் திடீரென்று காணாமல் போகிறவர்களுக்கு 'ஆவியானார்'. அதை நானே திரும்ப வாங்கிக்கொண்டேன். உங்கள் பெரியப்பா ஆவியானார் என்று வண்டியில் கேட்டால் மாலை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

பார்த்துவிட்டுப் பதில் போடாமல் இருப்பதற்கு, அந்த நீல டிக்கை வைத்து 'நீலித்தார்' என்று ஒன்று செய்தேன். எனக்கே அதில் கொஞ்சம் பெருமை. ஒருவரை வம்பில் இழுத்துப் படத்தில் பெயர் ஒட்டிவிடுவதற்குக் 'கோத்துவிட்டார்'. அதற்கு மட்டும் யாரும் ஒரு வார்த்தை மறுப்புச் சொல்லவில்லை. எல்லாரையும் யாராவது ஒருவர் கோத்துவிட்டிருந்தார்கள்.

பிளாக் செய்வதற்குத்தான் சொல் அமையவில்லை. 'தடுத்தார்' என்றால் பந்து விளையாட்டு. 'முடக்கினார்' என்றால் ஆஸ்பத்திரி. 'ஒதுக்கினார்' என்றால் நமக்கு ஏதோ இடம் பிடித்து வைத்த மாதிரி. இந்தப் பேச்செல்லாம் நடக்கும்போது ஒலிப்பதிவாளர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்கும்போதுகூடக் காதுக்கருவியைக் கழற்றாதவர், அதனால் அவர் பெயர் ஹெட்போன். கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

"காய் விட்டார்னு வைங்க. சின்னதுல சண்டை போட்டா என்ன சொல்லுவோம்? உங்கூட காய். திரும்பச் சேந்துக்கிட்டா பழம்."

சுருக்கு மேசையைத் தட்டினார். காய்விட்டார். பழம்விட்டார். இவ்வளவு இலக்கணம் படித்த என் காதிலும் அது சரியாகத்தான் விழுந்தது, அதுதான் எரிச்சல்.

சொற்கள் முடிந்ததும் குரல் வந்தது. குரலக்கா என்று நாங்கள் கூப்பிட்டவர் ஐம்பதைத் தாண்டியவர். எந்த அலுவலகத்துக்குப் போன் செய்தாலும் 'தயவுசெய்து காத்திருக்கவும்' என்று இத்தனை காலமும் நம்மையெல்லாம் காக்கவைத்த அம்மா அவர்தான். நேரில் பார்த்தால் யாரையும் காக்கவைக்கிறவர் மாதிரி இல்லை. சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து, செருப்பை வெளியே விட்டு, கொண்டுவந்த வெந்நீர் பாட்டிலைக் கண்ணாடி அறைக்குள் ஸ்டூல் பக்கத்தில் வைத்துக்கொள்வார்.

அந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாலு பக்கமும் பஞ்சு ஒட்டிய சுவர். ஒரு பக்கம் தடிமனான கண்ணாடி. உள்ளே இருப்பவருக்கு வெளியே நடப்பது எதுவும் கேட்காது, ஹெட்போன் தன் பக்கத்தில் ஒரு பொத்தானை அமுக்கிப் பேசினால்தான் உண்டு. ஃபேன் சத்தம் ஒலிவாங்கியில் ஏறும் என்பதால் ஃபேன் கிடையாது. கைப்பேசி உள்ளே போகவே கூடாது. யாராக இருந்தாலும் வெளியே ஹெட்போன் மேசைமேல் இருக்கிற தட்டில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். ஒரு தடவை சுருக்கு மறந்துபோய்ப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். ஹெட்போன் அன்றைக்கு முழுவதும் அவரோடு பேசவில்லை.

பெயர்களை மெஷின் பார்த்துக்கொள்ளும், கைப்பேசியில் எப்படிப் பதிந்து வைத்திருக்கிறார்களோ அப்படியே சொல்லிவிடும். வினைகள் மட்டும் அக்கா குரலில். 'லைக்கினார்', 'லைக்கினீர்கள்' என்று ஒவ்வொன்றாகத் தனித்தனியாகச் சொல்லித்தர வேண்டும், பிறகு மெஷின் ஒட்டிக்கொள்ளும். ஆரம்பத்திலேயே அக்காவுக்கு ஒரு வழக்கு இருந்தது.

"என்ன வாத்தியாரே, எல்லாத்துக்கும் 'ஆர்' போட்டிருக்கீங்க? எம் பொண்ணு பேர நான் பாப்பான்னு வெச்சிருக்கேன். 'பாப்பா லைக்கினார்'னா சொல்லும்?"

"ஆமாக்கா. யாருக்கு யார் என்ன முறைன்னு மெஷினுக்குத் தெரியாதுல்ல. மரியாதை குடுத்துட்டா வம்பில்ல."

"பெத்த பொண்ணுக்கு ஆர் போட எனக்கு வாய் வராது."

"சம்பளம் வருதுல்லக்கா," என்று ஹெட்போன் பொத்தானை அமுக்கிச் சொன்னார். அக்கா சிரித்துவிட்டு அந்த வரியைச் சொன்னார்.

வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு வரிக்கும் ஒரு கேள்வி கேட்பார். "இது யார் காதுல விழும்?" செய்கிறவர் காதிலா, செய்யப்பட்டவர் காதிலா? முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு, ஆள் தெரிந்தால் அதற்கு ஏற்ற மாதிரி குரலை வைத்துக்கொள்கிறார் என்று புரிந்தது. 'உங்கள் படத்தை லைக்கினார்' என்பதை நல்ல சேதி மாதிரிச் சொல்வார். 'நீலித்தார்' என்பதை, விடுங்க, வேலையா இருந்திருப்பாங்க என்கிற மாதிரி.

'காய்விட்டீர்கள்' வந்தபோதும் கேட்டார்.

"இது யாருக்கு?"

"காய் விடுறவங்களுக்கு மட்டும். பட்டன அமுக்குனதும் சொல்லும். காய் விடப்பட்டவங்களுக்கு ஒண்ணும் சொல்லாது."

"அது தெரியும்," என்றார் அக்கா. "பழம்?"

"அதுவும் விடுறவங்களுக்கு மட்டும்தான். 'பழம்விட்டீர்கள்'னு."

அக்கா தாளைக் கீழே வைத்தார். "அப்ப இவங்க பழம் விட்டது அவங்களுக்குத் தெரியவே தெரியாதா?"

"தெரியாதுக்கா."

"அதென்ன நியாயம்? காய் விட்டத சொல்லாட்டிப் போகுது. பழம் விட்டதையாவது சொல்லலாம்ல? ஒரு வரி சேத்து எழுதுங்க, நான் சும்மாவே சொல்லித்தரேன்."

கேட்டுப் பார்க்கிறேன் என்று சுருக்கிடம் போனேன். அவர் யோசிக்கவே இல்லை. "காய் விட்டதே தெரியாம இருக்குறவன்கிட்ட போயி பழம் விட்டார்னு சொன்னா, அப்ப இத்தன நாளா காயா விட்டிருந்தேன்னு புதுசா ஒரு சண்டை வரும். வேணாம்." அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. திரும்பி வந்து அக்காவிடம் முடியாது என்று சொன்னேன்.

மதியம் சாப்பிடும்போது அவரே சொன்னார். ஒரே மகள். கணக்கர் வேலைக்குப் படித்தவள், நல்ல அலுவலகம், குளுகுளு அறை. ஒருநாள் அதை விட்டுவிட்டு ஒரு சரக்கு நிறுவனத்தில் வேன் ஓட்டப் போய்விட்டாள். வேனில் சாய்ந்து நின்று ஒரு படம் எடுத்து, எனக்குப் பிடித்த வேலை கிடைத்துவிட்டது என்று எழுதிப் போட்டிருக்கிறாள். அக்கா அதன் கீழே, எல்லாரும் பார்க்க, 'இதுக்கா உன்ன படிக்கவெச்சேன்' என்று எழுதியிருக்கிறார்.

"ஒரு வரிதான் வாத்தியாரே. கோவத்துல எழுதிட்டேன். அவ படத்த லைக்குனது நாலு பேரு. என் வரிய சொந்தக்காரங்க அத்தன பேரும் லைக்குனாங்க. சித்தப்பாவ, மாமாவ, பேசியே பல வருஷமான நாத்தனாரக்கூட நான் அன்னிக்குத்தான் அங்க பாத்தேன். அதப் பாத்ததும் எனக்கே சீன்னு ஆயிடுச்சு. அழிச்சுட்டேன். ஆனா அவ பாத்துட்டா."

அன்றைக்கு விட்ட காய். தோழியோடு வேறு வீடு பார்த்துப் போய்விட்டாள். அக்கா ஒருமுறை நேரில் போயிருக்கிறார். வேனில் ஏறப்போனவள், "அப்புறம் பேசலாம்மா, லேட்டாயிடுச்சு," என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

"அந்த அப்புறம் இன்னும் வரல. கத்திட்டுப் போயிருந்தா பரவால்ல. யாரோ மாதிரி சொல்லிட்டுப் போனா."

"அடுத்த தடவ போறதுதானக்கா?"

"எத்தன தடவ போயி நிக்கிறது? அவளா பேசணும் வாத்தியாரே. எனக்கு வேற ஒண்ணும் வேணாம். ஒரு வார்த்த அவளா பேசணும்."

பிறகு டப்பாவை மூடிக்கொண்டே, இந்த வேலைக்கு ஏன் ஒத்துக்கொண்டார் என்று சொன்னார். அந்தச் சரக்கு நிறுவனம் ஓட்டுநர்களுக்கு வேலை அனுப்புவதே இந்தச் செயலியில்தான். ஓட்டும்போது கையில் எடுக்கக் கூடாது, பேசவிட்டுத்தான் கேட்க வேண்டும். இனிமேல் வேனுக்குள் நாள் முழுக்கப் பேசப்போவது அக்கா.

"என் நம்பருக்குத்தான காய் விட்டிருக்கா? என் குரலுக்கு விட முடியாதுல்ல?"

எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒரு பெண் வேண்டாம் என்று கதவைச் சாத்தினால் சன்னல் வழியாக வந்து பேசுகிற மாதிரி இருந்தது. "அமைப்புல இன்னொரு குரலும் இருக்குக்கா. புடிக்கலைன்னா மாத்திக்கலாம்," என்றேன்.

"யார் குரல்?"

"மேனேஜர் குரல்தான். இன்னொரு ஆளுக்குக் காசு குடுக்க மனசு வராம அவரே பேசிட்டார்."

அக்கா அதைக் கேட்கவேண்டும் என்றார். ஹெட்போன் போட்டுக் காட்டினார். 'உங்கள் படத்தை லைக்கினார்' என்று சுருக்கு வாடகை கேட்கிற குரலில் சொன்னார். அக்காவுக்கு முகம் தெளிந்துவிட்டது. "அப்ப பயமில்ல," என்று எழுந்து போனார்.

ஆனால் 'பழம்விட்டீர்கள்' என்பதை மட்டும் தள்ளிக்கொண்டே வந்தார். தாளில் அந்த வரி வந்தால் தாண்டிவிடுவார். "அத நல்லா சொல்லணும். கடசில வெச்சுக்கலாம்." அது மகள் காதில் விழுவதற்காக. விழும் அன்றைக்கு, விட்டுட்டோமே என்று அவளுக்குத் தோன்றிவிடக் கூடாதாம். நல்லவேளை விட்டோம் என்று தோன்றணுமாம். ஒரு சொல்லுக்குள் இதையெல்லாம் எப்படி ஏற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் வீட்டில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.

கடைசி நாள் அவருக்குச் சளி பிடித்துவிட்டது.

மூக்கு சிவந்து, துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்தார். வெந்நீர் குடித்தார், ஆவி பிடித்தார், ஹெட்போன் எங்கிருந்தோ மிட்டாய் மாத்திரை வாங்கிவந்து கொடுத்தார். ஒன்றும் எடுபடவில்லை. மற்ற எல்லாம் முடிந்திருந்தது. மிச்சம் அந்த ஒரு சொல்தான்.

"ஒரு ரெண்டு நாள் குடுங்க சார். தொண்ட சரியானதும் வந்து சொல்லிட்டுப் போயிடுறேன்," என்று சுருக்கிடம் கேட்டார்.

"நாளைக்கு வெளிய விடுறோம்மா. அந்த வரிய எத்தன பேர் கேக்கப்போறாங்க? ஊர்ல காய் விடுறவன்தான் ஜாஸ்தி, பழம் எவன் விடுறான்? சொல்லிட்டுப் போங்க, போதும்."

எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறக்காமல் இருப்பதற்கு நான் இன்னும் வினை கண்டுபிடிக்கவில்லை.

அக்கா உள்ளே போய் நின்றார். சொன்னார். 'ழ' தொண்டையில் சிக்கியது, 'ம்' மூக்கில் அடைத்துக்கொண்டது, 'விட்டீர்கள்' கரகரவென்று வந்தது. மறுபடி சொன்னார், அதைவிட மோசம். முதலில் சொன்னதையே வைத்துக்கொண்டோம். வெளியே வந்து தட்டிலிருந்து கைப்பேசியை எடுத்துக்கொண்டு, டீ வந்துகொண்டிருந்தும் குடிக்காமல் போய்விட்டார். பாவமாக இருந்தது.

எங்கள் அலுவலகத்தில் ஒரு முறை உண்டு. புதிதாக ஒன்று வெளியானால் ஆரம்பத்தில் புகார் அழைப்புகளை நாங்களே முறைவைத்து எடுக்க வேண்டும். செய்தவனே திட்டு வாங்கினால்தான் புத்தி வரும் என்பது சுருக்கின் கொள்கை. அவர் முறை வரும் நாளில் மட்டும் அவருக்குக் கூட்டம் இருக்கும்.

வந்த அழைப்புகளைச் சொல்லி மாளாது. "எங்க மாமியார் என்னய லைக்கினார்னு சொல்லுது. பக்கத்துல உக்காந்திருந்த என் வீட்டுக்காரி சிரிச்சுச் சிரிச்சு இன்னும் நிறுத்தல. வேற சொல்லு இல்லையா?" என்று ஒருவர். "என் மச்சான் கோத்துவிட்டார்னு தினமும் காலைல சொல்லுது. உண்மைதான், ஆனா அவன் முன்னாடியே சொல்லுது," என்று இன்னொருவர். ஒரு அம்மா தமிழை நாங்கள் கொலை செய்வதாக ரொம்ப நேரம் திட்டினார். நான் "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில், "இது பத்தி உங்க மேனேஜருக்கு அனுப்புனேன், அந்தாளு என்னய நீலிச்சுட்டான்," என்றார். நான் நன்றி சொல்லி வைத்தேன்.

பிறகு ஒருநாள் காலையில் ஒரு இளம்பெண் பேசினாள். பின்னால் வண்டி எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"சார், ஒரு கம்ப்ளைன்ட். உங்க ஆப்ல பேசுறாங்கல்ல, அவங்க குரல் ஒரு எடத்துல மட்டும் சரியில்ல."

"எந்த எடத்துலம்மா?"

"பழம்விட்டீர்கள்னு வர்ற எடத்துல."

பேனாவை எடுத்தவன் எழுதவில்லை.

"மத்ததெல்லாம் நல்லாருக்கு சார். நாள் பூரா கேக்குறேன், எனக்குத் தெரியும். அது மட்டும் கம்மிப்போயிருக்கு. தொண்ட கட்டுன மாதிரி."

"குரல் புடிக்கலன்னா அமைப்புல மாத்திக்கலாம்மா," என்றேன். அப்படித்தான் சொல்லவேண்டும் என்று விதி.

"மாத்துனேன், ஆரம்பத்துல. ஒரு ஆள் வந்து கடன்காரன் மாதிரி பேசுறாரு. திரும்ப இதையே வெச்சுட்டேன்." ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போனது. அது போகும் வரைக்கும் காத்திருந்துவிட்டுக் கேட்டாள். "அவங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா சார்?"

"சளி பிடிச்சிருந்துச்சும்மா அன்னிக்கு."

"சளின்னா அப்படித்தான். 'ம்' வந்தா மூக்குல அடச்சுக்கும். ரெண்டு வாரத்துக்கு விடாது. டாக்டர்கிட்ட போகச் சொன்னா போறேன்னு சொல்லிட்டுப் போக மாட்டாங்க."

"உங்களுக்கு அவங்களத் தெரியுமாம்மா?"

எஞ்சின் சத்தம் நின்றது. பிறகு, "குரல் தெரியும்," என்றாள். "இப்ப நல்லாருக்காங்களா?"

நல்லா இருக்காங்க என்று சொல்லிவிட்டால் அதோடு நிம்மதியாக வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். அதுதான் மரியாதை, அதுதான் விதி. ஆனால் எனக்கு அக்காவின் சாப்பாட்டு டப்பாவும், அன்றைக்கு 'அவளா பேசணும்' என்று சொன்னதும் ஞாபகம் வந்தது.

"அது எனக்குத் தெரியாதும்மா," என்று பொய் சொன்னேன். "நான் வினைச்சொல் எழுதுறவன். அவங்களத்தான் கேக்கணும்."

அவள் வைத்துவிட்டாள்.

புகாரைப் பதிந்தேன். ஒரு சொல்லில் குரல் கம்மியிருக்கிறது, அவ்வளவுதான். மறுநாள் சுருக்கு அதைப் படித்துவிட்டு அக்காவைக் கூப்பிடச் சொன்னார். அன்றைக்கு அக்கா கேட்ட ரெண்டு நாளைக் கொடுத்திருந்தால் வேலை முடிந்திருக்கும் என்பதை அவரிடம் யார் சொல்வது? அக்கா வந்தார். தொண்டை சுத்தமாக இருந்தது. செருப்பை விட்டார், கைப்பேசியைத் தட்டில் வைத்தார்.

"யாரோ கம்ப்ளைன்ட் பண்ணாங்களாமே?"

"ஆமாக்கா. அந்தப் பழம் வரியில."

"யார் காதுல விழுந்துச்சாம்?"

பழக்கதோஷத்தில் கேட்டது அது. பேசியவர் விவரம் வெளியே சொல்லக் கூடாது. ஆனால் இந்தக் கேள்விக்கு அவருக்கு நான் எப்போதும் பதில் சொல்லியிருக்கிறேன்.

"வேன் ஓட்டுற ஒருத்தங்க காதுல."

அக்கா என்னைப் பார்த்தார். அந்த வரி யாருக்குக் கேட்கும், யாருக்குக் கேட்காது என்று அவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கைப்பேசியை எடுக்கக் கை நீட்டினார், எடுக்கவில்லை. அவளா பேசணும் என்று சொன்னவர். உள்ளே போய் ஸ்டூலில் உட்கார்ந்தார். காதுக்கருவியை மாட்டிக்கொண்டார். ஹெட்போன் கதவைச் சாத்தினார்.

"போலாமாக்கா?" பொத்தான்.

அக்கா தலையை ஆட்டிவிட்டு மூச்சை இழுத்தார். 'பழம்விட்டீர்கள்.' சுத்தமாக வந்தது, ஆனால் 'தயவுசெய்து காத்திருக்கவும்' மாதிரி வந்தது. ஹெட்போன் உதட்டைப் பிதுக்கினார். இன்னொன்று எடுத்தோம். அதுவும் அப்படித்தான். அடுத்ததற்கு அவர் வாயைத் திறக்கும்போது தட்டில் கிடந்த கைப்பேசி பேசியது. பெயரை மெஷின் சொல்ல, வினை மட்டும் அக்காவின் குரலிலேயே, நல்ல சேதி சொல்கிற குரலில்.

"பாப்பா சேதிவிட்டார்."

பிறகு மெஷின் தன் மொட்டைக் குரலில் சேதியைப் படித்தது. "சளி போச்சா."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்காவுக்கு எதுவும் கேட்கவில்லை. வாயைத் திறந்தபடியே, சொல்லட்டுமா என்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் ஹெட்போனும் கைப்பேசியைப் பார்த்தோம். கைப்பேசியைக் கண்டாலே முறைக்கிற மனுஷன் அதைக் கையில் எடுத்தார். பொத்தானை அமுக்கினார். கைப்பேசியைத் தன் ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் கொண்டுபோய், மறுபடி கேட்கிற இடத்தைத் தட்டினார்.

"பாப்பா சேதிவிட்டார். சளி போச்சா."

அக்கா வாயை மூடிக்கொண்டார். காதுக்கருவியை ரெண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"இன்னொரு தடவ போடுங்க," என்றார்.

ஹெட்போன் போட்டார். அப்புறமும் போட்டார். போதும் என்று உள்ளேயிருந்து சொல்லும் வரைக்கும் போட்டார். எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது, அதைக் காட்டிக்கொள்ளாமல் தாளை அடுக்கினேன்.

அன்றைக்கு அதற்குப் பிறகு எடுத்த எதுவும் தேறவில்லை. ஒவ்வொன்றிலும் குரல் உடைந்தது, சளி பிடித்த நாளைவிட மோசமாக. சுருக்கு வந்து எல்லாவற்றையும் கேட்டுப் பார்த்தார். "என்னம்மா, சளி போகலையா இன்னும்?" என்றார்.

"அதத்தான் சார் எம் பொண்ணும் கேக்குறா," என்றார் அக்கா.

பழையதே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். இப்போதும் யாராவது யாருக்காவது பழம்விட்டால் அந்த ஒரு சொல் மூக்கடைத்துக்கொண்டுதான் வரும். அதற்குப் பிறகு அதைப் பற்றி வேறு புகார் வரவில்லை.